கறுப்பில் வந்த இரண்டு கோடுகள்

இந்த டிரைவர் முந்தமாட்டான் அம்மிணி. முன்னால் முட்டை லாரி போகிறது பாருங்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டேதான் புதுச்சத்திரம் வரைக்கும் ஊர்வான். நாமக்கல்லில் பஸ் ஓட்டுகிறவன் எருமையைக்கூட இடிப்பான், முட்டை லாரியை இடிக்கமாட்டான். போச்சாது, போகட்டும். நீங்களும் தனி, நானும் தனி. பேசிக்கொண்டு போகலாம்.

எனக்கு மைனாவதி என்று பேர். மோகனூர் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் வேலை. நான் அதிர்ந்து பேசமாட்டேன். பண்ணையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, மைனாவதி வாய் திறந்து ஒருத்தரைத் திட்டிக் கேட்டதில்லை என்பார்கள். திட்டுவது எனக்குப் பிடிக்காது. திட்டினால் அன்றைக்கே தீர்ந்துபோகும். மனசில் போட்டு வைத்தால்தான் பழுக்கும்.

அந்தப் பண்ணையில் எனக்குக் கைராசிக்காரி என்று பேர் இருந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் முதலாளி நல்லசிவம் அய்யாவுக்குக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பேப்பரில் வேண்டும். ஒவ்வொரு ஷெட்டும் எத்தனை முட்டை விட்டது என்று கோடு போட்ட சார்ட், சனிக்கிழமை காலையில் அச்சாகி அவர் கைக்கு வந்துவிட வேண்டும். அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போவார். கோடு ஏறியிருந்தால் அந்த ஷெட்டுக்காரனுக்குத் தோளில் ஒரு தட்டு. இறங்கியிருந்தால் கோழிகளுக்கு முன்னாலேயே வசவு. “திரையில பாத்தா அது சினிமா. பேப்பர்ல பாத்தாத்தான் கணக்கு” என்பார்.

அந்தப் பேப்பர் வருகிறதே, அதில்தான் சங்கதி இருக்கிறது. எக்செல்லில் சார்ட் போடுவது பெரிய வேலை இல்லை அம்மிணி. அதை அச்சடித்து வெளியே எடுப்பதில்தான் உயிர் போகும். பிரிண்ட் கொடுத்தால் சார்ட்டில் பாதி ஒரு தாளில் வரும், மீதி இன்னொரு தாளில் வரும். ஒரு தடவை அட்டெண்டர் குப்பண்ணன் இரண்டு தாளையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொரு தடவை எண்கள் மட்டும் தாள் தாளாக வந்து விழும், சார்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்போதெல்லாம் ஆபீசில் ஒரே சத்தம்தான். “மைனாவதியக் கூப்புடுங்க! வந்து கைய வைக்கச் சொல்லுங்க!”

நான் எழுந்து போவேன். மெதுவாகத்தான் போவேன். பிரிண்டர் தலையில் ஒரு துளி விபூதி வைத்திருப்பேன், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். “சித்தெ அக்கட்டால நில்லுங்க” என்பேன். எல்லாரும் நகர்ந்ததும் மவுசால் சார்ட் மேல் ஒரு தட்டு. அவ்வளவுதான். சார்ட்டைத் தொட்டுவிட்டுப் பிரிண்ட் கொடுத்தால் சார்ட் மட்டும் முழுத் தாளில் வந்து நிற்கும். வேறு ஏதாவது கட்டத்தைத் தொட்டுவிட்டுக் கொடுத்தால் சுற்றியிருக்கிற எண்ணெல்லாம் சேர்ந்துகொண்டு, பக்கம் முடிகிற இடத்தில் சார்ட்டைக் கத்தி வைத்த மாதிரி வெட்டிவிடும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. கைராசி என்றார்கள், நானும் சரி என்றேன். ஆசையாகச் சொல்வதை மறுத்தால் பாவம் இல்லையா?

அது சும்மா பேச்சுக்குச் சொன்ன கைராசி இல்லை அம்மிணி. பண்ணைக்குப் புதுக் குஞ்சு வந்து இறங்கினால் முதல் பெட்டியை நான் தொட வேண்டும். தீவன மெஷின் புதிதாக வந்தபோது நான்தான் சுவிட்ச் போட்டேன். குப்பண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வெற்றிலைத் தட்டு என் கையில்தான். என் வீட்டுக்காரர் செங்கோடன் அங்கேயே நாலாம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோழியோடு பேசுவார், மனுசரோடு பேசமாட்டார். அவரைக்கூடக் கைராசிக்காரி புருசன் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அப்படி இருந்த இடத்தில் வந்து சேர்ந்தாள் சுபிக்ஷா. கோயமுத்தூரில் படித்தவள். வந்த அன்றைக்கே, “அக்கா, உங்களப் பத்தித்தான் எல்லாரும் சொல்றாங்க. உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பார்த்தீங்களா, முதல் நாளே என் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி! மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். அவள் சமையலுக்குப் பக்கத்தில் என் சமையல் லட்சணம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதானே? நான் வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். சிரித்துக்கொண்டேதான் சாப்பிடுவேன்.

ஒரு சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு ஆபீசுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தேன். உள்ளே நுழைந்தால், கம்ப்யூட்டர் முன்னால் குப்பண்ணன் உட்கார்ந்திருக்கிறார். குப்பண்ணன்! ஸ்டூலைத் தவிர வேறொன்றில் உட்கார்ந்து அறியாத மனுசன். பின்னால் இவள் நிற்கிறாள்.

“சார்ட் மேல ஒரு தட்டு தட்டுங்கண்ணா. சுத்தியும் ஒரு ஓரக்கோடு வருதா? இப்பப் பிரிண்ட் குடுங்க.”

சர்ரென்று முழுச் சார்ட் வந்து விழுந்தது.

“அட, இவ்வளவுதானா!” என்று குப்பண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். “ஏனுங் மைனா, இதுக்கா நாங்க இத்தன வருசம் அக்கட்டால நின்னோம்?”

வாசலில் தீவன குடோன் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன், “அப்ப அந்த விபூதி யாருக்குங் அண்ணா? பிரிண்டருக்கா, நமக்கா?” என்றான். ஆபீசே சிரித்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? “சிரிக்காதீங்கண்ணா. அக்கா மட்டும் இல்லீன்னா இத்தன நாளு இது ஓடியே இருக்காது” என்றாள். எனக்குப் பரிந்து பேசுகிறாளாம். அடித்த கையாலேயே எண்ணெய் தடவுகிறாள். “நல்லதாப் போச்சுங். இனி எனக்கு ஒரு வேல மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த தடவை குஞ்சு வந்தபோது முதல் பெட்டியைத் தொட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. குப்பண்ணனே வண்டியில் ஏறி இறக்கிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி. ஒருத்தர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பழுக்கப் போட்டது அன்றைக்குத்தான்.

சித்திரை பிறந்தது. நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஷெட்டுக்குள் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எங்கள் முதலாளி எல்லா ஷெட்டுக்கும் சேர்த்து ஒரு மேலாள் போடப் போகிறார் என்று பேச்சு வந்தது. ஒன்று நாலாம் ஷெட் செங்கோடன், இல்லாவிட்டால் ஒன்பதாம் ஷெட் மாதேசன். “ரெண்டு ஷெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே சார்ட்டாப் போட்டுக் குடும்மா. சனிக்கிழமை பாத்துட்டு முடிவு பண்றேன்” என்று முதலாளி அவளிடம் சொன்னார். என்னிடம் இல்லை. அவளிடம்.

எந்தக் கணக்கை வைத்துப் போடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கோழிப்பண்ணையில் கோடு என்றால் முட்டைக் கோடுதான். செத்த கோழிக்கு நான் கோடே போட்டதில்லை அம்மிணி. எண்ணாக எழுதி ஓரமாக வைத்துவிடுவேன். சாவைப் படம் போட்டு ஒருத்தர் கையில் கொடுப்பது அபசகுனம். எங்கள் ஆபீசில் அதுதான் வழக்கம், நான் வைத்த வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் என் காதுப் பக்கம் குனிந்து, “அக்கா, நாளைக்கு உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. இப்பச் சொல்லமாட்டேன்” என்று கண்ணைச் சிமிட்டினாள். என்னைக் கவிழ்த்தாயிற்று, அடுத்து என் புருசனைக் கவிழ்க்கப் போகிறாள். வேறென்ன நல்ல சேதி இருக்க முடியும்?

அவளை எதில் அடிப்பது என்று எனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் முதலாளி கலர் மை வீணாகிறது என்று கத்தியபோது நான் தேடிக் கண்டுபிடித்தது அது. சார்ட்டைத் தொட்டுவிட்டுப் பேஜ் செட்டப்பைத் திறந்தால் சார்ட்டுக்கென்று தனியாக ஒரு பக்கம் வரும். அங்கே கறுப்பு வெள்ளையில் அச்சடிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் திரையில் சிவப்பும் பச்சையுமாக அழகாகத்தான் நிற்கும். தாளில் எல்லாம் கறுப்பு. சார்ட்டைத் தொடாமல் திறந்தால் அந்தப் பக்கமே கண்ணில் படாது.

மத்தியானம் அவள் டப்பாவைக் கழுவப் போனாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை. அவள் எழுதினதை நான் ஏன் படிக்க வேண்டும்? ஒரு கோடு ஏறுகிறது, ஒரு கோடு இறங்குகிறது, அவ்வளவுதான் பார்த்தேன். டிக் போட்டேன். சேவ் பண்ணினேன். அவள் வந்து எனக்கு எடுத்து வைத்திருந்த தயிர்சாதத்தைக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் என் புருசன் வாயைத் திறந்தார். அதிசயம்தான். “நேத்து அந்தப் புள்ள நம்ம ஷெட்டுக்கு வந்து...” என்று ஆரம்பித்தார். “அவ பேச்ச இந்த ஊட்டுல எடுக்காதீங்க” என்றேன். மனுசன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். அப்படி ஒரு ஒற்றுமை எங்களுக்குள்.

ஆபீசில் முதலாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். அவள் பிரிண்ட் கொடுக்கிறாள். வந்த தாளைப் பார்த்துத் திகைக்கிறாள். இரண்டு கோடும் கறுப்பு. எது எந்த ஷெட் என்று கீழே பேர் எழுதியிருக்கிறது, பேருக்குப் பக்கத்தில் போட்ட அடையாளக் கோடும் கறுப்பு. மையைக் கழற்றி ஆட்டிப் போடுகிறாள். சோதனைத் தாள் அடிக்கிறாள், அது மயில் மாதிரிக் கலர் கலராக வருகிறது! மறுபடி சார்ட், மறுபடி கறுப்பு. பேஜ் செட்டப்பையும் திறந்தாள். பதற்றத்தில் எங்கேயோ ஒரு காலிக் கட்டத்தைத் தொட்டுவிட்டுத் திறந்தாள். எப்படித் தெரியும்?

இதில் ஒரு வேடிக்கை கேளுங்க. சார்ட்டைத் தொடாமல் சும்மா பிரிண்ட் கொடுத்திருந்தால் எண்ணோடு சேர்ந்து கலராகவே வந்திருக்கும். பாதி வெட்டுப்பட்டாலும் கலரில் வந்திருக்கும். அவளோ ஒவ்வொரு தடவையும் சார்ட் மேல் பக்குவமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். குப்பண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அவள் காலை வாரியது.

கடைசியில் திரும்பினாள். “அக்கா, நீங்க வந்து கைய வைங்கக்கா.”

எல்லார் காதிலும் விழுந்தது. குப்பண்ணன் காதிலும் விழுந்தது. “எனக்கென்ன கண்ணு தெரியும்? சார்ட்டத் தொட்டுட்டுப் பிரிண்ட் குடு. அவ்வளவுதானே?” என்றேன். என் வாயில் சர்க்கரை கரைந்த மாதிரி இருந்தது அம்மிணி.

முதலாளி தாளைப் பிடுங்கிக்கொண்டார். “என்னம்மா, ரெண்டும் கரிக்கோடா இருக்குது? இதுல எது நாலு, எது ஒம்போது?”

“சார், ஒரு நிமிசம் திரையில...”

“திரை எனக்கு வேண்டாம். மைனா, நீ பழைய ஆளு. நீ சொல்லு.”

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். தாள் அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது. தலைப்பைப் படிக்க முடியவில்லை, கோடு மட்டும் தெரிந்தது. யோசிக்கவே இல்லை. “மேல ஏறறது நாலாம் ஷெட்டுங் அய்யா” என்றேன்.

அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “அய்யோ, இல்லக்கா! கீழ இறங்கறதுதான் நாலு!”

பார்த்தீங்களா, என் கண் முன்னாலேயே என் புருசனைக் கீழே இறக்குகிறாள். விடுவேனா? “இல்லீங் அய்யா. மேல ஏறறதுதான் எங்கூட்டுக்காரரு ஷெட்டு.”

“அக்கா, சார்ட்டச் சரியாப் பாத்துச் சொல்லுங்கக்கா, கும்புடறேன்...” என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

“எங்கூட்டு ஷெட்டு எனக்குத் தெரியாதா? மேல இருக்கறதுதானுங்.”

முதலாளி தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். “இத்தன பேரு முன்னால இப்படி உள்ளத உள்ளபடி சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். நீ மனுசி, மைனா” என்றார். அவளிடம் திரும்பினார். “புருசன் சங்கதியப் பொண்டாட்டியே சொல்றா, நடுவுல நீ என்ன மறுக்கறது? இனி எந்தப் பேப்பரா இருந்தாலும் மைனா கை பட்டுத்தான் எங்கிட்ட வரோணும்.”

சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். குப்பண்ணன் எழுந்து எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போன மானம் அத்தனையும் ஒரே காலையில் திரும்பி வந்துவிட்டது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். “ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? அது முட்டைக் கணக்கு இல்லக்கா. செத்த கோழிக் கணக்கு.”

குப்பண்ணன் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அண்ணன் ஷெட்டச் சுத்தி ஈரச் சாக்கக் கட்டி, கூரை மேல தண்ணி பாய்ச்சி, இந்த வெயில்லயும் சாவே இல்லாமப் பண்ணியிருக்காரு. ஒம்போதுல கொத்துக் கொத்தாச் சாவுது. அத சார்கிட்டக் காட்டத்தானே நான் இந்தச் சார்ட்டே போட்டேன்! எந்திரிங்கக்கா. சார் நடந்துதான் போறாரு. ஓடிப் போயிச் சொல்லிரலாம்.”

நியாயத்தை நீங்களே சொல்லுங்க அம்மிணி. செத்த கோழிக்கு எவளாவது கோடு போடுவாளா? போட்டாள் என்றால், ஷெட் பேரைக் கோட்டின் மேலேயே எழுதியிருக்க வேண்டாமா? கலரை நம்பலாமா? கலர் என்றைக்காவது நிலைக்குமா? இத்தனை படித்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? எல்லாம் வேண்டுமென்றே செய்தது. நான் தடுக்கி விழ வேண்டும் என்றே தோண்டின குழி. அதில் நானும் விழுந்து, என் புருசனும் விழுந்தார்.

போகவில்லை. எப்படிப் போவது? இப்போதுதான் மனுசி என்றார். அந்தச் சொல் காயும் முன்னே ஓடிப்போய், அய்யா நான் தெரியாமல் சொன்னேன் என்று நிற்கவா? அதுவும் அவளோடு சேர்ந்து ஓடியா? அவள் தனியாகத்தான் ஓடினாள். முதலாளி கேட்கவில்லை. நாலாம் ஷெட் வாசலில் என் வீட்டுக்காரரை நிற்க வைத்து, “கோழியக் கொன்னுட்டு நிக்கறயேடா, உம் பொண்டாட்டியே ஒத்துக்கிட்டா” என்று கேட்டாராம். இவர் ஷெட் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை, அவர் சுபாவம் அப்படி.

திங்கட்கிழமை அவள் அந்த டிக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிக்கை எடுத்துவிட்டாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பயந்துவிட்டாள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். கலரில் அடித்து முதலாளியிடம் கொண்டுபோயிருக்கிறாள். “சொன்னது சொன்னதுதான்” என்று அவர் மடித்து வைத்துவிட்டாராம். நல்ல மனுசர்.

சரி, இத்தோடு விட்டாளா? புதுச்சத்திரத்தில் அவள் மாமன் ஒரு பண்ணை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் பண்ணி, செங்கோடண்ணன் மாதிரி ஆள் கிடைக்காது என்று சொல்லி, எல்லா ஷெட்டுக்கும் மேலாளாக என் புருசனைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். எனக்கு இது குப்பண்ணன் சொல்லித்தான் தெரியும். என் வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினாலும் பேசமாட்டார், அதனால் பண்ணவில்லை.

அங்கேதான் போகிறேன். என் புருசனுக்கு வேலை வாங்கிக் கொடுக்க இவள் யார்? இவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு அவர் அங்கே நிற்பார், இவள் ஆபீசில் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? மத்தியானம் ஷெட்டை விட்டு வெளியே வருவார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தாலும் போச்சாது.

வரமாட்டார் என்றா சொல்கிறீங்க? வராவிட்டால் அந்த மாமன்காரரைப் பார்ப்பேன். இவர் பார்த்த ஷெட்டில் கோழி எப்படிச் செத்தது என்று நீங்களே பாருங்கய்யா என்று எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அச்சடித்தாளே, அதில் ஒரு தாள் என் பையில் இருக்கிறது. கறுப்பில்தான் இருக்கிறது. எது நாலு, எது ஒன்பது என்று பக்கத்தில் நின்று சொல்ல நான் இருக்கிறேன்.

ஏன் அம்மிணி அப்படிப் பார்க்கிறீங்க? நீங்களும் அவ கட்சியா? சரி, புதுச்சத்திரம் வந்தாச்சு, காலை மடக்குங்க. நான் இறங்கணும்.